மூன்று பேருக்கு வாங்கிய டெண்ட்

"ஒனக்கென்ன டீச்சரு, மே மாசம் பூரா லீவு!"

இதை யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவர் சொல்கிறார். இஸ்திரிக்காரர் சொல்கிறார். மாடியில் குடியிருக்கும் பேங்க்காரர் படியிறங்கும்போதெல்லாம் சொல்கிறார். தாலி கட்டிய மனுசனும் சொல்கிறார், அதுவும் நான் அடுப்படியில் வேர்த்து விறுவிறுத்து அவருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது. சொல்லிவிட்டு, "சட்னி இன்னுங் கொஞ்சம்" என்று தட்டை நீட்டுவார்.

என்ன லீவு? நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை முடிந்ததும் பொதுத்தேர்வுத் தாள் திருத்தப் போவோம். தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு எங்களை ஒரு ஹாலில் அடைத்துவைப்பார்கள். அது முடிந்தால் தோற்றுப்போன பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. அதுவும் முடிந்தால் ஆள் பிடிக்கும் வேலை. ஆமாம், ஆள் பிடிக்கும் வேலைதான், அதற்கு வேறு பேர் கிடையாது. ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று எங்களை ஜோடி ஜோடியாகத் தெருவுக்கு அனுப்புகிறார்கள். கத்திரி வெயிலில், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில், குடையும் நோட்டீசுமாகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனோம். ஒரு வீட்டு அம்மா எங்களைச் சேலை விற்க வந்தவர்கள் என்று நினைத்து, "இப்பத்தாம்மா போன வாரம் எடுத்தோம், வேணாம்" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். எம்.எஸ்ஸி., பி.எட். படித்த மூஞ்சிக்கு நேரே!

வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். "சும்மாதான இருக்கீங்க, கொஞ்சம் சொல்லிக் குடுங்க." இந்தச் 'சும்மா' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் அன்றைக்கு இருக்கிறது அவனுக்கு.

இப்படித்தான் இத்தனை வருடக் கோடையும் போனது. ஆனால் போன கோடையில் எனக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். பிசிக்ஸ் படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று மதுரையில், வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்விடலாம். இன்னொன்று கோயம்புத்தூரில், விடுதியில் தங்க வேண்டும். எந்தக் கல்லூரி என்பதை ஒரு திங்கட்கிழமைக்குள் ஆன்லைனில் உறுதி செய்தாக வேண்டும். கேட்டால், "யோசிக்கிறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு அவள் இங்கேயே இருக்க வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன். பகல் முழுக்க ஊரார் பிள்ளைகளைப் பார்த்தேன், சாயங்காலம் அவர்களுடைய நோட்டைப் பார்த்தேன், என் பிள்ளை எப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்தாள் என்பதை நான் பார்க்கவே இல்லை. இன்னும் மூன்று வருடமாவது ஒரு கூரைக்குக் கீழே இருந்தால், பிள்ளையோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம், சிரிக்கலாம், ஒன்றாகப் போய் ஒரு சுடிதார் எடுக்கலாம் என்று ஆசை. அவள் அப்பாவிடமும் ஒற்றைக் காலில் நின்று சொல்லியிருந்தேன், இவள் இங்கேதான் சேர வேண்டும் என்று. அவரும் தலையாட்டினார். ஆனால் முடிவு அவளுடையது, அவள் வாயால்தான் வர வேண்டும். அதைப் பேச எனக்கு அவளோடு கொஞ்ச நேரம் வேண்டும். வீட்டில் அது நடக்கிற காரியமா? நான் "ஏம்மா, இங்க வாயேன்" என்று ஆரம்பித்தால் குக்கர் விசில் அடிக்கும். குக்கரை இறக்கினால் வாசலில் மணி அடிக்கும்.

அதனால்தான் என் கணவர் டெண்ட் வாங்கியபோது நான் திட்டவில்லை. அவர் பல்கலைக்கழக ஆபீசில் வேலை பார்க்கிறார். மத்தியானம் சாப்பிட்டபிறகு யூடியூப் பார்ப்பது அவர் வழக்கம். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஏரிக்கரையில் டெண்ட் அடித்து முட்டை பொரிப்பதைப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் ஒன்றை வரவழைத்துவிட்டார். மூன்று பேர் படுக்கிற டெண்ட், பச்சை நிறம். அப்பாவும் மகளுமாக மொட்டை மாடியில் அதை விரித்து, குச்சியை மாற்றிச் சொருகி, இரண்டு தரம் அவர்கள் தலைமேலேயே விழவைத்து, கடைசியில் நிற்க வைத்தார்கள். என் மகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, "அம்மா, வாம்மா!" என்று கூப்பிட்டாள். நானும் போய்ப் பக்கத்தில் படுத்தேன். தரை கொதித்தது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

இவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவருக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. பம்பு செட், தொட்டி, காவலுக்கு ஆள் எல்லாம் உண்டு. வெள்ளி, சனி இரண்டு நாள் அங்கே தங்கலாம், ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசைக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவானது. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்.

"ரெண்டு நாளும் நான் அடுப்பத் தொட மாட்டேன்."

"தொட வேணாம். ரொட்டி, ஜாம், பழம் எடுத்துக்குவோம். ரோட்டுக்கு வந்தா பரோட்டாக் கடை இருக்கு" என்றார்.

என் மகள், "அம்மா அடுப்பத் தொடலைன்னா பூமி சுத்துறது நின்னுறப் போகுது" என்று கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் கோபமே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வளாகத்தில் நின்றுகொண்டிருந்தோம். இவருடைய அக்கா வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். எல்.ஐ.சி. மாதிரி ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் பெரிய வேலை. வாய் அதைவிடப் பெரிது. இவர் சும்மா இருக்கமாட்டாமல் டெண்ட் புராணத்தை ஆரம்பித்து, மாந்தோப்பு வரைக்கும் கொண்டுபோய், கடைசியில், "நீங்களும் வாங்களேங்க்கா" என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு முறை இருக்கிறது. நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். போகிற இடத்தைச் சொன்னால், 'நீங்களும் வாங்க' என்று சொல்லாமல் வாயை மூட முடியாது. கேட்கிறவர், 'இருக்கட்டும்ப்பா, இன்னொரு நாளைக்குப் பாப்போம்' என்று சொல்ல வேண்டும். சாப்பிடும்போது வாசலில் வந்து நிற்கிறவரிடம் 'சாப்பிட வாங்க' என்று சொல்வதும், அவர் 'இப்பத்தான் ஆச்சு' என்று பொய் சொல்வதும் இதே கணக்குதான். அழைத்தவருக்கும் மரியாதை, மறுத்தவருக்கும் மரியாதை. இத்தனை காலமாக யாருக்கும் சேதாரம் இல்லாமல் நடந்துகொண்டிருந்த விஷயம்.

மதினி, "அட, வாரோம்டா!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். இவர் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்தார். நாங்கள் வண்டியைக் கிளப்புவதற்குள் மதினி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'மாந்தோப்பில் கேம்ப், எல்லாரும் வாங்க.' வரிசையாகக் கட்டைவிரல். இவருடைய தம்பி குடும்பம், சித்தப்பா குடும்பம், சித்தப்பாவின் சம்பந்தி குடும்பம். ஒரு வேனும் பேசிவிட்டார்கள்.

"ஏன், ஒங்க வாயி சும்மாவே இருக்காதா?" என்று வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவ வாரேன்னு சொல்லுவான்னு யாருக்குத் தெரியும்?"

"இப்ப ஒரு பேச்சுக்கு வராதீங்கன்னு சொல்லுங்க."

"அதெப்படிச் சொல்றது? கூடப் பெறந்தவ!"

கூடப் பிறந்தவர்களுக்குச் சொல்ல முடியாது. கூட வாழ்கிறவளுக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "ஒரு வேளை மட்டும் கொஞ்சம் பாத்துக்க, மத்ததெல்லாம் கடையில வாங்கிக்குவோம்" என்றார். மாதாவே, அதையும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்து நின்றபோதே தெரிந்துவிட்டது. பின்பக்கம் முழுக்க அண்டா, தேக்சா, சட்டுவம், அரிசி மூட்டை. மதினி கோயில் விருந்துப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி ஏற்றியிருந்தார். "கடைச் சாப்பாடெல்லாம் வயித்துக்கு ஆகாதும்மா. ஒன் கைப்பக்குவம் வருமா?" என்றார். பாராட்டைப் போல இருக்கும், ஆனால் கழுத்தில் கயிறு.

தோப்பில் இறங்கியதும் ஆண்கள் பெரிய மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்துச் சீட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள். பெண்கள் பம்பு செட் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு செல்ஃபி. நான் வேனிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். மதினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு சொன்னார்:

"எனக்குக் கெடைக்கிறதே ரெண்டு நாளு லீவும்மா. அதுவும் மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி வாங்குனேன். கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன். ஒனக்கென்ன, மாசம் பூரா லீவு."

அந்த நிமிடம் நான் அரிசி மூட்டையை அவர் மடியில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சிரித்தேன். நம்மை அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்? கோபம் வந்தால் பல்லைக் காட்டு, இன்னும் கோபம் வந்தால் இன்னும் காட்டு.

கல் கூட்டி அடுப்பு வைத்தேன். மாஞ்சுள்ளி பச்சை, புகை கண்ணைப் பிடுங்கியது. மத்தியானத்துக்குச் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். ஆக்கி முடித்துப் பார்த்தால் எங்கள் டெண்டுக்குள் மதினியின் கணவர் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். மூன்று பேருக்கு வாங்கிய டெண்ட், அவர் ஒருவருக்கே பற்றாமல் முழங்காலுக்குக் கீழே வெளியே கிடந்தது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு வந்து, என் பக்கத்தில் குத்தவைத்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

"நீ போடி, தண்ணியில வெளையாடு" என்றேன்.

"பரவால்லம்மா."

சாப்பிட உட்கார்ந்ததும் மதினி எழுந்து நின்று செபம் சொன்னார். ஊரில் மழை பெய்ய, நோயாளிகள் சுகம் பெற, வேன் டிரைவர் பத்திரமாக ஓட்ட, எல்லாவற்றுக்கும் மன்றாடிவிட்டு முடிவில் குரலைத் தழைத்துக்கொண்டு, "இந்த உணவைச் சமைத்த கரங்களை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றார். எல்லோரும் உருக்கமாக ஆமென் சொன்னார்கள். என் கரம் அப்போது ரசச் சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு நின்றது. ஆண்டவர் ஆசீர்வதிப்பது இருக்கட்டும், நீங்கள் யாராவது ஒருவர் எழுந்து அந்தச் சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தால் என்ன?

சாயங்காலம் எல்லோரும் மாங்காய் பறிக்கத் தோப்புக்குள் போனார்கள். அடுப்படியில் நானும் என் மகளும் மட்டும். வெயில் தாழ்ந்து காற்றும் வீச ஆரம்பித்திருந்தது. அவள் தரையில் குச்சியால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, காலேஜ் விசயமா ஒன்னு சொல்லணும்" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சொல்லும்மா."

"டீச்சரு! அம்புட்டுப் பேருக்கும் ஒரு காப்பி!" என்று மரத்தடியிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். சாப்பிட்டு மறுபடியும் படுத்தவர் தூங்கி எழுந்துவிட்டார்.

"வச்சிட்டு வாரேன், இரு" என்று எழுந்தேன். காப்பி வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் சின்னப் பிள்ளைகள் என் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டன. அதற்கப்புறம் இரவுச் சாப்பாட்டு வேலை. பெண்கள் எல்லோரும் பாயை விரித்து வரிசையாகப் படுத்தபோது எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று பேர். ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு இவரை மனதுக்குள் வைது தீர்த்தேன்.

சனிக்கிழமை காலையில் உப்புமா. "உப்புமாவா?" என்று சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தார். சுளித்த முகத்தோடேயே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மத்தியானத்துக்கு ஆட்டுக்கறி. ஆண்கள் கொட்டாம்பட்டிக்குப் போய் வாங்கிவந்து, ஏதோ ஆட்டையே அவர்கள் பெற்றெடுத்ததைப் போலப் பெருமையாக என் முன்னால் வைத்தார்கள். கழுவுகிறது, வதக்குகிறது, தேங்காய் அரைக்கிறது எல்லாம் யார்? இவர் ஒரே ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏதாவது செய்யணுமா?"

"அந்தத் தேக்சாவ எறக்குங்க."

"இந்தா வாரேன், ஒரே ஒரு ஆட்டம்" என்று போனவர்தான். தேக்சாவை என் மகள் இறக்கினாள். அதன் காதுப்பிடி சுட்டு, அவளுடைய ஆள்காட்டி விரலில் கொப்புளம் கிளம்பியது. "ஒன்னுமில்லம்மா" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

இலை போட்டார்கள். மறுபடியும் செபம், மறுபடியும் சமைத்த கரங்கள். நான் சோறு போட, என் மகள் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்தாள். புகையில் அவள் கண் சிவந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கிடந்தது. மதினி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பாருங்க, அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கா. என்னா பாங்கு! வெளியூருக்கெல்லாம் அனுப்பாதம்மா. இங்கனயே சேத்துவிடு. ஒனக்கும் வீட்ல ஒரு ஒத்தாசை."

நான் ஆசைப்பட்ட அதே வார்த்தைதான். இங்கேயே சேர்த்துவிடு. மதினி வாயில் அதைக் கேட்டபோது மட்டும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து இலையில் இருந்த அண்ணன், போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, இலையை விரலால் தட்டினார். "பாப்பா, கொழம்பு."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டினார். என் மகள் ஓடினாள்.

நான் கரண்டியைச் சோற்று அண்டாவுக்குள் போட்டேன். போட்ட வேகத்தில் அது கணீரென்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த வாளியக் கீழ வையிடி" என்றேன். அவள் விழித்தாள். "வையின்னு சொல்றேன்ல!"

வைத்தாள்.

"இனிமே வேணுங்கறவங்க எந்திரிச்சு வந்து போட்டுக்கங்க. நாங்க கெளம்புறோம்."

இவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார். "என்ன இது, எல்லார் முன்னாடியும்..."

"எல்லார் முன்னாடியுந்தான சமைச்சேன்? அப்ப யாருக்கும் கண்ணு தெரியலையா?"

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் இப்ப?" என்று மதினி ஆரம்பித்தார். "பிள்ளையப் பாராட்டித்தான சொன்னேன்? டீச்சருன்னா இம்புட்டு ரோசமா?"

"மதினி, ரெண்டு நாளா என் கைய ஆசீர்வதிக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேட்டீங்கள்ல? ஒத்த வெங்காயம் உரிச்சீங்களா?"

சம்பந்தியம்மா இலையைப் பார்த்துக்கொண்டு எலும்பைக் கடித்தார். இவர், "கொஞ்சம் பொறு, சாப்டுட்டு நானே கொண்டாந்து விடுறேன்" என்றார். சாப்பிட்டுவிட்டு! அந்த நேரத்திலும்! நான் பையை எடுத்துத் தோளில் போட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிப்பாதையில் நடக்க ஆரம்பித்தேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டுக்கு வந்து மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பேர் இருக்கை கிடைத்தது. டிக்கெட் எடுப்பதற்குள் என் போன் அடித்தது. இவர்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எடுத்தேன்.

"தயிர எங்க வச்ச?" என்றார்.

போனை அணைத்துப் பைக்குள் எறிந்தேன். என் மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துத் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொப்புளம் வந்த விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

"என்னடி?"

"நான் இங்கயே சேந்துக்கறேன். மதுரையிலயே."

ஒரு நிமிடம் எனக்கு அத்தனை கோபமும் பறந்துவிட்டது. அதைத்தானே கேட்டேன்? கொளுத்துகிற வெயிலில் குளிர்ந்த மோரைக் குடித்த மாதிரி இருந்தது. அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளப் போனேன். ஆனால் அவள் முகத்தில் சந்தோசம் இல்லை.

"கோயம்புத்தூரு ஒனக்குப் பிடிக்கலையா? அந்த லேபெல்லாம் பாத்துட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசுனியேடி?"

"பிடிச்சிருக்கும்மா. ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்புறம்?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானும் போயிட்டா நீ ஒத்தையில எம்புட்டுத்தான் செய்வ? காலைல சமைக்கணும், ஸ்கூலு போகணும், வந்து மறுபடியும் சமைக்கணும். அப்பா ஒன்னும் செய்ய மாட்டாரு. நான் இருந்தா வெங்காயமாவது உரிச்சுக் குடுப்பேன்ல? நேத்தே இதத்தான் சொல்ல வந்தேன்."

இதற்கா? என் பிள்ளை இங்கே இருக்கப்போவது இதற்கா? அவளுக்குப் பிடித்த படிப்பு, பிடித்த லேப், பிடித்த ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, என் அடுப்படியில் எனக்குத் துணையாக நிற்கப் போகிறாளாம். அவளுக்குப் பதினேழு வயது. இரண்டு நாளாக அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்தக் கணக்குதான். மதினி மீது காட்டியதுபோக மிச்சமிருந்த கோபம், இவர் மீது மிச்சமிருந்த கோபம், அந்த இலையைத் தட்டிய விரல் மீது மிச்சமிருந்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. வந்து அந்தப் பிள்ளை மீதே விழுந்தது.

"நீ கோயம்புத்தூருக்குத்தான் போற" என்றேன்.

"நீதானம்மா இங்கயே இருன்னு அப்பாகிட்டச் சொன்ன?"

"சொன்னேன்டி. எங்கூடப் பேசிக்கிட்டு, சண்ட போட்டுக்கிட்டு, ஊரு சுத்திக்கிட்டு இருப்பன்னு சொன்னேன். எனக்கு வெங்காயம் உரிக்கவா ஒன்னைய பெத்தேன்? போடி!"

முன் இருக்கையில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். பார்க்கட்டும். அவள் கண் கலங்கி, "ஒனக்காகத்தானம்மா சொன்னேன், எதுக்குத் திட்டுற?" என்றாள்.

"எனக்காக ஒரு மயிரையும் விடாத" என்றேன். வகுப்பில் ஒரு பிள்ளை இந்த வார்த்தையைச் சொன்னால் முட்டிபோட வைத்திருப்பேன். "போன எடு. எங்க அமுக்கணும், காட்டு."

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கும்மா."

"இப்ப அமுக்கு."

மேலூர் வருவதற்குள் அமுக்கினாள். அழுதுகொண்டேதான் அமுக்கினாள். 'உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது' என்று வந்ததை என்னிடம் காட்டினாள். நான் அதை வாங்கி இரண்டு தரம் படித்தேன். மூன்று வருடம். நான் கேட்ட மூன்று வருடத்தை நானே அவள் விரலைக் கொண்டு அமுக்கவைத்து அனுப்பிவிட்டேன். வேறு வீடாக இருந்திருந்தால் அவளே பிடித்துப்போய் இங்கே இருந்திருப்பாளோ என்னவோ. எனக்கும் நிம்மதியாகக் கேட்டிருக்க முடியும், இரும்மா என்று. அதைக்கூடக் கேட்க முடியாமல் ஆக்கிவிட்டார்களே!

அன்றைக்கு இரவே இவரும் கிளம்பி வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீதான ஒத்தக் கால்ல நின்ன? கோவத்துல பிள்ளைய வெளியூருக்கு அனுப்புவாங்களா?" என்றார். "ஆமா, கோவத்துலதான் அனுப்புறேன்" என்றேன். இன்று வரைக்கும் அவருக்கு அது புரியவில்லை. விளக்கிச் சொல்கிற பொறுமை எனக்கும் இல்லை, நான் வகுப்பில் விளக்கியதே போதும்.

மறுநாள் ஞாயிறு, பூசைக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் நானும் என் மகளும் நின்றோம். எங்களுக்கு முன் வரிசையில் மதினி. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லிச் சாமியார் அழைத்ததும், எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். மதினியும் திரும்பினார். ஒன்றுமே நடக்காத முகம். என்னைப் பார்த்துக் கைகூப்பி, "சமாதானம்" என்றார்.

நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையைத் தூக்கவில்லை. மதினி கூப்பிய கையை இறக்காமல் காத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் நாலு பேர் பார்த்தார்கள். என் மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள், அத்தையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எனக்கும் சேர்த்து அவள் கைகூப்பப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். பூசை முடிகிறவரைக்கும் விடவில்லை.